சிட்டுவின் காதுப் பரிசோதனை

சலூனில் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதில்லை. வெட்டுகிறவர் பின்னால் நிற்கிறார், வெட்டிக்கொள்கிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பேச்சு முழுக்கச் சுவர்க் கண்ணாடி வழியாகத்தான் போய்வருகிறது. அரசியலும் அதற்குள்தான், அடுத்த வீட்டு விவகாரமும் அதற்குள்தான். சலூன்காரரின் மகள் சிட்டு, உட்காரக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கடை பெஞ்சில் இருந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தே வளர்ந்தவள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளையை வேறு எங்கே விடுவது?

அதனால்தான் யாருக்கும் விஷயம் பிடிபடவில்லை. சமையலறையிலிருந்து அம்மா தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாதவள், கடையில் அப்பா உதட்டை அசைத்தாலே போதும், துண்டோடு ஓடிவந்து நிற்பாள். "உங்களுக்குன்னா ஓடறா, எனக்குன்னா மட்டும் காது அடைச்சுப் போயிடுது மகாராணிக்கு," என்று மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். சலூன்காரருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அப்பா செல்லம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அப்பன்மாருக்கு இந்தப் பெருமை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது.

குட்டு உடைந்தது கடைக்கு வெள்ளையடித்த அன்று. கண்ணாடிகளைக் கழற்றி வெளியே சாத்தியிருந்தார்கள். ஐந்து வயது சிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலி பவுடர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சிட்டு, அந்தத் துணியை எடும்மா," என்றார். அசையவில்லை. உரக்கக் கூப்பிட்டார். கத்தினார். சுண்ணாம்பு அடிக்கிற ஆள் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. கடைசியில் கனமான சுழல் நாற்காலியைச் சாய்த்துத் தரையில் தள்ளினார். அதற்கு மட்டும், என்னவோ நடந்த மாதிரி இருக்கிறதே என்று, மெதுவாகத் தலையைத் திருப்பினாள். இத்தனை நாளும் அவள் கண்ணாடியில் தெரிந்த உதட்டைத்தான் பார்த்து வந்திருக்கிறாள் என்று சலூன்காரருக்கு அப்போதுதான் புரிந்தது.

"பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதே சொல்லிடுவோம்," என்றாள் மனைவி. "மறைச்சு என்ன ஆகப் போகுது?"

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? எங்க அக்கா பையனைப் பாத்தே இல்ல?"

பார்த்திருந்தாள். அந்த ஊரில் இரண்டு நிறத்து மனிதர்கள் இருந்தார்கள். வெளுத்தவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சலூன்காரரைப் போலக் கறுத்தவர்கள் இந்தப் பக்கம். சட்டத்தில் எல்லாரும் சமம், பள்ளிக்கூடமும் ஒன்றே. ஆனால் அந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன் கட்டிடம் ஒன்று, பின் கட்டிடம் ஒன்று. படிப்பு ஏறாத பிள்ளை, சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை, உடம்பில் ஏதோ குறை என்று சந்தேகப்பட்ட பிள்ளை, எல்லாரையும் பின் கட்டிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். "கொஞ்ச நாளைக்குத்தான், தேறினதும் கூட்டிக்குவோம்," என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். தேறி வந்த பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. இன்னொன்றையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பின் கட்டிடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரிகிற முகமெல்லாம் கறுத்த முகம். வெளுத்த பிள்ளைகளுக்குக் குறையே வராதா என்று கேட்டால், வரும். அவர்களுக்கு வந்தால் வைத்தியம் வரும், கருவி வரும், முன் வரிசை நாற்காலி வரும்.

சலூன்காரரின் அக்கா மகன் கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக வாசிக்கிறான் என்று பின் கட்டிடத்துக்குப் போனவன். அங்கே மணி கோக்கவும் காகிதத்தில் பை ஒட்டவும் கற்றுக்கொண்டான். மீசை முளைத்த பிறகு, ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண்ணைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, அவனுக்குத் தூரப்பார்வை மங்கல். ஒரு மூக்குக் கண்ணாடியில் தீர்ந்திருக்க வேண்டிய சமாச்சாரம். அக்கா அன்றைக்குத் தம்பியின் கடைக்கு வந்து, "என் பிள்ளை முட்டாள் இல்லடா தம்பி," என்று அழுதாளே, அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

ஆகவே சிட்டுவுக்குக் குறை இருப்பது வெளியே தெரியக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

முதல் வகுப்பில் சேருகிற எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியிலேயே காதுப் பரிசோதனை உண்டு. அது எப்படி நடக்கும் என்பதை, முடி வெட்ட வந்த பள்ளிக் காவலாளியின் வாயைக் கிண்டித் தெரிந்துகொண்டார்.

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. பிள்ளை காதுல ஹெட்போன் மாட்டிடுவாங்க. நர்ஸம்மா பின்னாடி உக்காந்து மெஷின்ல பொத்தானை அமுக்கும். சத்தம் கேட்டா பிள்ளை கையைத் தூக்கணும். பிள்ளை எட்டிப் பாத்துடக் கூடாதுன்னு மருந்து அலமாரிப் பக்கமாத் திருப்பி உக்கார வெச்சிருவாங்க."

"அலமாரிக்குக் கதவு எதுல?"

"கண்ணாடிதான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்றார் சலூன்காரர். கத்தரி அவர் கையில் கொஞ்ச நேரம் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கடை மூடியதும் பாடம் நடந்தது. சிட்டுவைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, காதில் பழைய ஹெட்போன் ஒன்றை மாட்டி, பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார். மடியில் சோப்புப் பெட்டி, அதுதான் மெஷின். விரலால் அமுக்கும்போது முழங்கை கொஞ்சம் இறங்கும், தோள் லேசாக அசையும். அது கண்ணாடியில் தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும். ரொம்ப உடனேயும் கூடாது, சந்தேகம் வரும். சிட்டுவுக்கு இது அப்பா கண்டுபிடித்த விளையாட்டு. மூன்றாம் நாளே அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். அப்பா மூச்சை இழுப்பதை வைத்தே அடுத்தது எப்போது என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டாள்.

பரிசோதனை முடிந்து வந்து, "எல்லாமே சரி சொன்னேன்ப்பா! நர்ஸம்மா கன்னத்தைக் கிள்ளினாங்க," என்றாள். சலூன்காரர் அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவே பார்க்க வீட்டுக்குப் போனார். மனைவி மட்டும் சந்தோஷப்படவில்லை. "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டோம்னு தோணுது," என்றாள். வாயைக் கழுவு என்றார் இவர்.

இரண்டு வருடம் எப்படியோ ஓடியது. டீச்சர் முகம் தெரிகிற வரையில் சிட்டுவுக்குப் படிப்பு தெரிந்தது. டீச்சர் திரும்பிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் பாதி போய்விடும். அவள் பேச்சில் சில எழுத்துகள் மழுங்கி வரும். அதைக்கூட ஒருவரும் சந்தேகிக்கவில்லை. 'உங்க ஆளுங்க பேச்சே அப்படித்தானே' என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்பில் வந்த டீச்சருக்குப் பொறுமை குறைவு. கூப்பிட்டால் திரும்புவதில்லை, நிறுத்து என்றால் நிறுத்துவதில்லை, முகத்தை முறைத்துப் பார்க்கிறாள், திமிர் பிடித்தவள் என்று சிட்டுவைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாள். கடைசி வரிசையிலிருந்து டீச்சர் உதடு தெரியவில்லை. அதனால் இன்னும் திமிர் பிடித்தவளானாள். அதே வகுப்பில் வக்கீல் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான், வெளுத்தவன். அவனுக்கும் காது மந்தம். அவன் காதில் கருவி, டீச்சர் கழுத்தில் அவனுக்கென்றே ஒரு சின்ன மைக், அவனுக்கு முதல் வரிசையில் இடம். சிட்டு வீட்டுக்கு வந்து அந்த மைக்கைப் பற்றி, ஏதோ நகையைப் பற்றிச் சொல்வதுபோல, கண் விரியச் சொல்வாள்.

போன வாரம் அது நடந்தது. மணி அடித்தபின் சிட்டு மாடிப்படியில் ஓடியிருக்கிறாள். டீச்சர் மேலிருந்து நில் நில் என்று கத்தியிருக்கிறாள். நிற்காததால் இறங்கி வந்து பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சத்தமே இல்லாத உலகத்தில் திடீரென்று ஒரு கை வந்து பிடித்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? சிட்டு பதறித் திமிறியதில் முழங்கை டீச்சர் முகத்தில் பட்டு, மூக்குக் கண்ணாடி உடைந்து, புருவத்தில் கிழித்து ரத்தம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெற்றோர் வர வேண்டும், பின் கட்டிடத்துக்கு மாற்றுவது பற்றி முடிவு செய்யப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பும்போது. அவளுக்கு விடுப்பு தரவில்லை. "மானம் போனா போகட்டும். காது கேக்காத குழந்தை, பயந்து போய்க் கையை வீசிடுச்சுன்னு சொல்லுங்க. கேட்டா மனசு இளகாதா?"

தலைமையாசிரியை அறைக்குப் போகிற வழியில் சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. இரண்டு நிறத்துப் பிள்ளைகளும் கை கோத்து நிற்கிறார்கள், நடுவில் சிட்டு. பள்ளியின் ஒற்றுமை வாரத்துக்கு எடுத்தது. கறுத்த முகம் ஒன்று நடுவில் வேண்டும் என்று தேடிப்பிடித்து நிறுத்தினார்கள். சிட்டு தன் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

தலைமையாசிரியை கெட்டவள் இல்லை. எழுந்து நின்று வரவேற்றாள், தண்ணீர் கொடுத்தாள், சிட்டுவின் தலையைத் தடவினாள். பக்கத்தில் டீச்சர் புருவத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், என் பொண்ணுக்குக் காது கேக்காது," என்று ஆரம்பித்தார் சலூன்காரர். எங்கே நிறுத்தினால் மறுபடி வாய் வராதோ என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். வெள்ளையடித்த நாள், காவலாளி, அலமாரிக் கதவு, சோப்புப் பெட்டி. காவலாளிக்கு எதுவும் தெரியாது, அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று இடையில் ஒரு கும்பிடு வேறு.

தலைமையாசிரியை எதிரிலிருந்த பைலைப் புரட்டினாள். "ரெண்டு காதும் நல்லா கேக்குதுன்னு இருக்கே. அந்த வருஷம் எல்லாச் சத்தமும் சரியாச் சொன்ன ஒரே பிள்ளை உங்க பொண்ணுதான்."

"அதான் மேடம் சொல்றேன். அத்தனையும் சரி சொன்னதே பொய்."

"குறையை மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன். மறைச்சேன்னு தானே வந்து சொல்றவங்களை..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். "ஏன் மறைக்கணும்? இங்க எவ்வளவு உதவி இருக்கு! இதே வகுப்புல ஒரு பையன் இருக்கான், பாத்திருப்பீங்களே."

"பாத்தேன் மேடம்." சலூன்காரர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அந்தப் பையனுக்குக் காது கேக்கலைன்னா முன் வரிசைக்குப் போவான். என் பொண்ணுக்குக் கேக்கலைன்னா பின் கட்டிடத்துக்குப் போவா. எங்க அக்கா பையனுக்கு அதானே நடந்துச்சு?"

அறை சட்டென்று இறுகிப்போனது. "நாங்க நிறமெல்லாம் பாக்கறதில்லைங்க," என்றாள் தலைமையாசிரியை, குரலை உயர்த்தாமல். "வர்ற வழியில படத்தைப் பாத்திருப்பீங்க."

"பிரச்சினைன்னு வந்ததும் உடனே நிறத்தை இழுத்துடறாங்க," என்று டீச்சர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "இதுவரைக்கும் கேட்டுக்கிட்டிருந்த காது, மாத்தப் போறோம்னதும் திடீர்னு கேக்காமப் போயிடுச்சு."

சலூன்காரர் உண்மையைத்தான் சொன்னார், அது இவ்வளவு மட்டமான பொய் மாதிரிக் கேட்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஆனால் தலைமையாசிரியைக்கு நியாயமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி வேண்டும். "இன்னிக்கு நர்ஸ் வந்திருக்காங்க. சந்தேகமே வேண்டாம், இப்பவே மறுபடி சோதிச்சுடலாம். கேக்கலைன்னு வந்தா நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கருவியும் கிடைக்கும், முன் வரிசையும் கிடைக்கும். போதுமா?"

போதுமாவா? அவருக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

மருந்து அறையில் அதே அலமாரி. சலூன்காரர் முதல் வேலையாக, "அந்தக் கண்ணாடிக் கதவை மறைக்கணும்மா," என்றார். நர்ஸம்மா ஒரு படுக்கை விரிப்பை எடுத்து அலமாரி முழுக்கத் தொங்கவிட்டாள். ஜன்னல் கண்ணாடியைக் காட்டினார், திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைக்கூட விடவில்லை அவர், தானே துண்டால் போர்த்தினார். கண்ணாடியோடேயே பிழைக்கிற மனிதர், எங்கெங்கே எது தெரியும் என்று அவருக்குத் தெரியாதா? தலைமையாசிரியை கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீச்சர் பக்கத்தில் நிற்க, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சிட்டுவுக்கு முன்னால் மண்டியிட்டு, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார். "இன்னிக்கு ஆட்டம் கிடையாது. நெசமா கேட்டா மட்டும் கையைத் தூக்கு. கேக்கலைன்னா சும்மா இரு. புரியுதா?"

தலையை ஆட்டினாள். ஆனால் விரிப்பு தொங்கும் அலமாரியைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. ஹெட்போன் மாட்டியதும் அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் துணி. யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத அறையில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"பயப்படுது பிள்ளை," என்றாள் நர்ஸம்மா. "நீங்க எதிர்ல உக்காருங்க. உங்களைப் பாத்துக்கிட்டிருந்தா அடங்கிடும்."

சலூன்காரர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், தெரியாமல் கூட ஒரு சைகை போய்விடக் கூடாதே என்று. சிட்டு அழுகையை விழுங்கிவிட்டு அவரையே பார்த்தாள்.

நர்ஸம்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். சிட்டு கையைத் தூக்கினாள்.

வலது காதில் கொஞ்சம் கேட்கும், இதுவும் பெரிய சத்தமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மறுபடி அமுக்கினாள். கை எழுந்தது. மறுபடி. எழுந்தது. "சத்தத்தைக் குறைக்கறேன்," என்றாள் நர்ஸம்மா. எழுந்தது. "இப்போ இடது காது." இடது காதுக்குப் பக்கத்தில் தகர டப்பாவைத் தட்டினாலும் தெரியாது அவளுக்கு. வீட்டில் எத்தனை முறை தட்டிப் பார்த்தாயிற்று! நர்ஸம்மா அமுக்கினாள். கை எழுந்தது.

சலூன்காரர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். விரிப்பு நகரவில்லை. திரை மூடித்தான் இருக்கிறது. துண்டு போட்ட இடத்திலேயே இருக்கிறது. எதைப் பார்த்துச் சொல்கிறாள்? சிட்டுவின் கண்ணைப் பார்த்தார். அது இமைக்காமல் அவர் முகத்தில் பதிந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நர்ஸம்மாவின் முழங்கை அசையும் போதெல்லாம் அவர் பார்வை அங்கே போய்விட்டுத் திரும்பியது. கேட்காமல் போகட்டும், கேட்காமல் போகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துப் பிடித்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகிய கண், சும்மா இரு என்றால் இருக்குமா? அறையிலிருந்த அத்தனை கண்ணாடியையும் மூடிவிட்டு, தன் முகத்தைக் கொண்டுபோய் மகளுக்கு எதிரே வைத்திருந்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பொத்தான் அமுங்கும் 'டக்' சத்தம் லேசாகக் கேட்டது. இன்னொரு டக். இன்னொன்று. யாரும் பேசவில்லை. கை எழவில்லை என்று அந்த அமைதியிலேயே தெரிந்தது. கடவுளே, போதும், இதை அவர்கள் பார்த்தால் போதும். தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தார். அந்த நொடியில் நர்ஸம்மாவின் முழங்கை இறங்கியது. சிட்டுவின் கை விருட்டென்று மேலே போனது.

"நிறுத்துங்க," என்றாள் தலைமையாசிரியை. எழுந்து வந்தாள். "நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க கண்ணை மூடினீங்க, உடனே நிறுத்திட்டா. திறந்தீங்க, உடனே தூக்கினா."

"அதேதான் மேடம்!" சலூன்காரர் துள்ளி எழுந்தார். "என் மூஞ்சியைப் பாத்துதான் சொல்றா! அவளுக்குக் கேக்கவே இல்ல!"

"ஆமா, உங்க மூஞ்சியைப் பாத்துதான். எப்போ கேக்காத மாதிரி இருக்கணும்னு நீங்க சொல்லிக்கொடுத்திருக்கீங்க, அவ செய்யறா." அவள் முகத்தில் கோபம் கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஒரு குழந்தையை இதுக்கெல்லாம் பழக்கலாமாங்க?"

இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்த்தார்கள், ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். இதற்கு மேல் எதைச் சொல்லி விளக்குவது? இத்தனை நாளாக ஊரை ஏமாற்றியபோது அவருக்கு வார்த்தை குறைந்ததே இல்லை.

"மேடம், அப்பா வெளியில இருக்கட்டும், நான் இன்னொரு தடவை பாக்கறேனே," என்றாள் நர்ஸம்மா. அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சலூன்காரர் நன்றியோடு அவளைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். கதவு மூடி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, உள்ளே நாற்காலி விழுகிற சத்தம். சிட்டு ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். திரும்ப உள்ளே போகச் சொன்னதற்குத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைத்தான் நான் தினமும் பாக்கறேன்," என்றாள் டீச்சர்.

நர்ஸம்மா அன்று மாலை வேறு பள்ளிக்குப் போக வேண்டும், மறுபடி வருவது அடுத்த பருவத்தில். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு வேறு வகை மெஷின் இருக்கிறது, குழந்தை தூங்கும்போதே சோதிக்கும், யாரும் ஏமாற்ற முடியாது என்று நர்ஸம்மாவே சொன்னாள். சலூன்காரர் கையைக் கூப்பிக்கொண்டு, "அதுக்கு எழுதிக் கொடுங்க மேடம், அது போதும்," என்றார்.

"ஸ்கூல் சிபாரிசு இல்லாம அங்க எடுக்க மாட்டாங்க. ரெண்டு சோதனையிலயும் கேக்குதுன்னு வந்திருக்கு. கேக்கலைன்னு நான் எப்படிப் பொய் எழுதறது?" பொய் என்ற சொல்லை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "திங்கக்கிழமையிலிருந்து பின் கட்டிடம். தண்டனைன்னு நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்குத்தான். தேறினதும் கூட்டிக்குவோம்."

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்ய? கத்தலாம். கத்தினால், பார்த்தீர்களா, அப்பனும் இப்படித்தான் என்பார்கள். அழலாம். அழுதால், நடிப்பும் வருகிறது என்பார்கள். டீச்சரின் மூக்குக் கண்ணாடிக்கு மன்னிப்புக் கேட்டார். அவளும் பரவாயில்லை என்றாள்.

தாழ்வாரத்தில் சிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அழுகை எப்போதோ நின்றுவிட்டது. அவர் விரலை இழுத்து நிறுத்தி, அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, எல்லாம் கரெக்டாச் சொன்னேன் இல்ல? நடுவுல நீதான் கண்ணை மூடிட்டே. அதான் விட்டுப்போச்சு."

அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்ன அசைவு வந்தாலும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"கண்ணாடி இல்லாமயே சொன்னேன்ப்பா," என்றாள். "அப்போ திங்கக்கிழமை என்னை முன்னாடி உக்கார வெப்பாங்களா? மைக் வெச்சிருக்கற பையன் பக்கத்துல?"

சலூன்காரர் தலையை அசைத்தார். ஆமாம் என்று அசைத்தாரா, இல்லை என்று அசைத்தாரா, அவருக்கே தெரியாது. சிட்டு அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். கையை உருவிக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்க ஆரம்பித்தாள்.